போல்ட்டுக்கு இன்னொரு அர்த்தம்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஆங்கிலப் பாடத்தில் ஒரு குதிரை வந்தது. இடிச்சத்தம் கேட்டதும் அந்தக் குதிரை 'போல்டெட்' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன என்று மிஸ் கேட்டவுடன் கையைத் தூக்கிவிட்டேன். அப்பா கும்மிடிப்பூண்டியில் போல்ட் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்தச் சொல்லில் என்னை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

"குதிரை நகராம இருக்க நட்டு போட்டு முடுக்கிட்டாங்க மிஸ்."

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. மிஸ் சிரிக்காமல் விளக்கினார். அந்தக் காலத்தில் போல்ட் என்றால் குட்டையான, தடித்த அம்பாம். அம்புபோலச் சட்டென்று பாய்ந்து ஓடுவதற்கும் அதே பெயர் வந்ததாம். அதே வடிவத்தில் இருந்ததால் கதவுத் தாழுக்கும், பிறகு அப்பா செய்கிற சாமானுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம்.

சாயங்காலம் புதுவாயல் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"போல்ட்டு ஓடுமா? ஓடாம புடிச்சிக்கினு இருக்கத்தான அத்தப் போடறோம்!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாம ஊட்ட வுட்டு ஓடிப்போறதுப்பா!" என்று கத்தினேன். குதிரைக்கு ஏது வீடு? அழுத்தமாக இருக்கட்டும் என்று நானே சேர்த்துக்கொண்டது அது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். பேக்கிங் வேலை முடிந்து அப்போதுதான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தோளிலிருந்த பை நழுவி, டிபன் பாக்ஸ் உருண்டது. என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள்.

"யார்டீ உனுக்குச் சொன்னது?"

"மிஸ்ஸு."

"அவுங்களுக்கு எப்டித் தெரியும்?"

"அவுங்களுக்கு எல்லாம் தெரியும் சித்தி. கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க."

சித்தியின் முகம் வெளுத்துப்போயிற்று. விறுவிறுவென்று உள்ளே போய் அம்மாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அழுகிற சத்தம் கேட்டது. நான் சொன்ன தப்புப் பதிலைக் கேட்டுத்தான் அழுகிறார்கள் என்று பயந்து, "இனிமே ஒழுங்கா படிக்கிறேம்மா" என்று கதவைத் தட்டினேன். 

சித்தியின் கம்பெனியில் வேன் ஓட்டுகிற பொன்னேரிப் பையனோடு அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கிளம்புவதாக இருந்தாளாம். பல வருடங்களுக்குப் பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பையன் வீட்டார் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நம் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று சித்தியே முடிவுகட்டியிருக்கிறாள். அந்த ஞாயிறு அப்பாதான் பொன்னேரிக்குப் போனார். போகும்போது உம்மென்று போனவர், திரும்பி வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"நல்ல பையந்தான். இதுக்கு எதுக்கு இவ்ளோ பேஜாரு?"

கல்யாணத்தன்று கோயில் வாசலில் சித்தி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் அன்னிக்கு அந்த வார்த்தைய சொல்லலன்னா..." என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பாவம், சித்திக்கும் அதுவரை போல்ட்டுக்கு அர்த்தம் தெரிந்திருக்கவில்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.