நெஞ்சுச் சூடு

என் கணவர் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் வேலை பார்க்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஆற்றல் மாற்றம் பாடம் வந்தால் வேறு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரிக்குள் இருப்பது வேதி ஆற்றல், எரித்தால் வெப்பம், வெப்பம் தண்ணீரை நீராவியாக்கும், நீராவி டர்பைனைச் சுழற்றும், அதிலிருந்து கரண்டு. "நீ போர்டுல ஒரு நிமிசத்துல மாத்திருத. நான்லா எட்டு மணி நேரம் வேர்த்து மாத்துதேன்" என்பார். ஒருவரையொருவர் சீண்டாமல் எங்களுக்குச் சோறு இறங்காது.

எங்கள் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பூனைக்குட்டி அளவுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் சூட்டு விளக்கு ஒன்றின் அடியில் வைத்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் பிடித்த மழை ஊரையே முக்கிவிட்டது. சாத்தான்குளத்திலிருந்து கிளம்பிய அம்மா பாதி வழியில் பஸ்ஸோடு நின்றுவிட்டாள். ஊரில் கரண்டு போனது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்த ஜெனரேட்டரும் தண்ணீருக்குள் போக, காலை பத்து மணிவாக்கில் சூட்டு விளக்கும் அணைந்தது.

பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. குறைமாதப் பிள்ளைக்குச் சூடு இறங்கினால் மூச்சே தடுமாறும் என்று நர்சம்மா முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். எனக்கோ ஆபரேஷன் செய்த உடம்பு, காய்ச்சல் வேறு, கையில் ட்ரிப்ஸ். இத்தனை வருடம் பாடமெடுத்த வாய்க்கு அழத்தான் தெரிந்தது.

"ஏளா, அழாத. சூட்டுக்கு நானாச்சு" என்று இறங்கிப் போனார் கணவர். கொட்டுகிற மழையில், முழங்கால் தண்ணீரில் நடந்து, எதிர்ப்பக்கம் மேட்டில் இருந்த டீக்கடையிலிருந்து நாலு எவர்சில்வர் பாட்டிலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்தார். பிள்ளையின் நாலு பக்கமும் அடுக்கப் போனவரை நர்சம்மா பாய்ந்து தடுத்தார்.

"பிள்ளைய அவிக்கப் போறியளா அண்ணாச்சி? தோலு வெந்துரும்!"

நெருப்பும் கொதிநீரும் இல்லாத சூடு அவருக்குத் தெரியாது. அத்தனை வருட வேலை அப்படிப் பழக்கியிருந்தது. முகம் செத்துப்போய் நின்றார்.

"சட்டையக் கழத்துங்க."

"எதுக்கு?"

"ஈரத்த நல்லா தொடச்சுட்டு, அந்த வெந்நியில கருப்பட்டி போட்டுக் குடிங்க. பிறவு பிள்ளைய நெஞ்சுல போடுங்க. ஒங்க ஒடம்புச் சூடு போதும்."

மாமியார் வீட்டில் எவ்வளவு புழுங்கினாலும் சட்டையைக் கழற்றாத கூச்சக்காரர் மனிதர். கழற்றினார். எனக்கென்று அம்மா முன்பே கொடுத்துவிட்டிருந்த கருப்பட்டியில் பாதியைக் காலி செய்தார். நர்சம்மா மகளை வெறும் உடம்பாக அவர் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, இருவரையும் சேர்த்து என் நூல்சேலையால் சுற்றிக் கட்டினார்.

அசையாமல் உட்கார்ந்திருந்தார். பனைமரம் குடித்த வெயில் பதனீராகி, கருப்பட்டியாகி, அவர் ரத்தத்தில் சூடாகி, என் மகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் வருடா வருடம் நிலக்கரியையே கட்டி அழுதிருக்கிறேன், இதை ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"ஏளா, நான் மூச்சு விடலாம்லா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"விடுங்க. மெதுவா விடுங்க."

அரைமணிக்கொரு தரம் நர்சம்மா வந்து சேலைக்குள் கைவிட்டுப் பார்த்தார். இரண்டு தடவை சேலையை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை, "கால் சூடாயிட்டு" என்றார். நான் மறுபடியும் அழுதேன்.

மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. சூட்டு விளக்கு பளிச்சென்று எரிந்தது. "வெளக்கு வந்துட்டு அண்ணாச்சி, பிள்ளையத் தாங்க" என்று நர்சம்மா கையை நீட்டினார்.

ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற மனிதர் அந்த விளக்கை ஒரு பார்வை பார்த்தார். சேலையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அது எரியட்டும். இவ இங்கனயே கெடக்கட்டும்."