படாளத்தில் நின்றுபோன கவிதை

இன்று செங்கல்பட்டில் கவிதைப் போட்டி. எழுதியதைத் தாள் பார்க்காமல் சொல்ல வேண்டும். போன வருடம் பாதியில் மறந்து அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கியவள் நான்.

அதனால் இம்முறை ஒவ்வொரு பத்தியையும் தினமும் பஸ்ஸில் வரும் வழியோடு சேர்த்து மனப்பாடம் செய்திருந்தேன். மதுராந்தகம் ஏரி முதல் பத்தி, படாளம் இரண்டாவது, பாலாற்றுப் பாலம் மூன்றாவது.

படாளம் வரை சொல்லிவிட்டேன். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. மைக்கில் என் மூச்சுதான் கேட்டது. மறுபடியும் அழப்போகிறேன் என்று பயந்தேன்.

என்னோடு உட்கார்ந்து மனப்பாடம் கேட்ட தோழி தேவி முன்வரிசையிலிருந்து கத்தினாள்: "இன்னாடி நின்னுகினு கீற? பாலம் வந்துட்ச்சு பாரு!"

வரி வந்துவிட்டது. கடைசிவரை சொன்னேன்.

இறங்கியதும் நடுவர் கேட்டார்: "ஏம்மா, கவிதையில பாலமே வரலியே?"

மேடையில் மறந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.