உப்பு அம்பாரத்துக்குப் பின்னால்

எழுபதை நெருங்கும்போது ரோடு சைக்கிள் வாங்கினேன். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன் ஓட்டிய கடைசி சைக்கிளுக்குக் கேரியர் இருந்தது. இதற்கு ஸ்டாண்டுகூட இல்லை. சுவரில்தான் சாய்த்து வைக்க வேண்டும். அதற்கான இறுக்கமான உடுப்பையும் மாட்டிக்கொண்டு நின்றபோது, வாக்கரைப் பிடித்திருந்த மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"இதப் போட்டுட்டுத் தெருவழியா போகாதிய. நாய் பயந்துரும்."

அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. காலை ஏழு மணிக்கு அவளை நடக்கவைப்பது என் வேலை. ஞாயிறுதோறும் எங்கள் சைக்கிள் குழு விடியுமுன் கிளம்பி, திருச்செந்தூர் சாலையில் பழையகாயல் வரை போய்த் திரும்பும். ஏழுக்குள் நான் வீடு சேர வேண்டும். ஆடிக் காற்றோ போகும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போதுதான் முதுகில் தள்ளும்.

கடைசியில் வருகிறவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன், இன்னொருவர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். பிள்ளைகளைக் காலைப் பூசைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதால் அவருக்கும் நேரம் இடிக்கும். இருவரும் மூச்சு வாங்கியபடி பேசிக்கொண்டே வருவோம்.

ஒரு ஞாயிறு அவர் போன் பேச நின்றார். நான் முன்னே போனேன். முள்ளக்காடு தாண்டியதும் கால் ஓய்ந்துவிட்டது, நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. உப்பளத்து ஓரம் ஓலை போட்டு மூடிய ஓர் உப்பு அம்பாரம். அதன் பின்னால் சைக்கிளோடு ஒதுங்கினேன். அவர் என்னைக் கவனிக்காமல் கடந்து போனார். நானும் கூப்பிடவில்லை. பிறகு பழையகாயலைத் தொட்டுவிட்டு வேகக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களின் வாலில் ஒட்டிக்கொண்டேன். கூட்டமாக மிதிப்பவர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஊருக்குள் டீக்கடையில், "அண்ணாச்சி பின்னிட்டிய," என்றார்கள். மறுக்கவில்லை.

தாமதமாக வந்து சேர்ந்த அவர் கேட்டார்: "ஒங்கள வழியிலயே காங்கலயே, எப்படி?"

"கூட்டத்துல பாத்திருக்க மாட்டம்மா. எல்லாம் மூச்சுப் பயிற்சிதான்."

"எனக்கும் சொல்லித்தாங்க."

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லியும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஆரம்பத்திலேயே அவரை விட்டுவிட்டு முன்னே மிதித்தேன். அம்பாரம் வரைக்கும் தம் இருந்தால் போதுமே.

அதற்குப் பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். குழுவை நடத்தும் பையன்தான் டீக்கடையில் காரணத்தைச் சொன்னான்: "அக்கா இனிமே வரலையாம். வயசான அண்ணாச்சியே முன்னால போயாச்சு, நான் மட்டும் எதுக்கு எல்லாருக்கும் இழுவையா இருக்கணும்னு கேக்காவ."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அங்கேயே எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியை நடக்கவைத்த பிறகு, அவருக்குப் போன் செய்தேன்.

"எந்த அம்பாரம்?" என்று மட்டும் கேட்டார்.

"முள்ளக்காடு தாண்டி, ஓல போட்டு மூடுனது."

"அப்ப மூச்சுப் பயிற்சி?"

"அதும் பொய்தாம்மா. தப்புப் பண்ணிட்டேன்."

"தெனம் காலையில மூக்கப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன், அண்ணாச்சி. எம் பிள்ளையெல்லாம் சிரிக்குது." போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வந்தார். என்னோடு பேசவில்லை. வழக்கம்போல நாங்கள் இருவரும்தான் கடைசி. உப்பு அம்பாரம் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"அண்ணாச்சி, ஒங்க ஸ்டாப் வந்துட்டு. எறங்குதியளா?"

"இல்லம்மா."

"அப்ப எம் பின்னால வாங்க. இப்ப காத்த நான் வாங்குதேன். கொஞ்ச தூரம் போனதும் நீங்க முன்னால வரணும்."

மாறி மாறி மிதித்தோம். பழையகாயல் அன்றும் எட்டவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன், பாதியிலேயே திரும்பினோம். பின்னாலிருந்து வந்த வேகக்காரர்கள் எங்களைக் கடக்கும்போது ஒருவன் கேட்டான்: "எதுவரைக்கும் போனிய?"

"பாதி வரைக்கும்," என்றார் அவர் சத்தமாக.

"பாதி வரைக்கும்தான்," என்றேன் நானும்.