காலையில் மட்டும் பாடிய பெட்டி

ராஜு, சரோஜா — போன வாரம் முழுவதும் நம் வீட்டு முன்னறையிலிருந்து வந்த சத்தங்களுக்காக முதலில் உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பூனை இல்லாத வீட்டில் பூனை அழுதது. ஒரு நாள் ரயில் எஞ்சின் கூட வந்து போயிற்று. நீங்கள் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினீர்கள். தப்பில்லை. எனக்கே ஓடத்தான் தோன்றியது.

பத்திரிகையின் இந்தச் சிறுவர் பக்கத்தை வாராவாரம் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாதல்லவா? அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஒரு வாத்தியம் செய்தேன். பெயர் தெரெமின். ரஷ்ய தேசத்தில் ஒருவர் கண்டுபிடித்தது. இதில் தந்தி இல்லை, துளை இல்லை, தோல் இல்லை. ஒரு மரப் பெட்டி. மேலே ஒரு பித்தளைக் கம்பி. பக்கத்தில் ஒரு வளையம். கம்பிக்கு அருகில் வலது கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். வளையத்துக்கு மேல் இடது கையை உயர்த்தினால் சத்தம் பெருகும், தாழ்த்தினால் அடங்கும். எதையும் தொட வேண்டாம். தொடவே கூடாது.

நம்ப முடிகிறதா? என்னாலும் முடியவில்லை. காலேஜ் லாபில் வேலை செய்யும் சிநேகிதர் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் இதன் படத்தைக் காட்டினார். நான் எட்டாவது வரை படித்தவன். மின்சார இலாகாவில் வயர்மேன். எழுத்து பாதி புரிந்தது. படம் முழுக்கப் புரிந்தது. ஒவ்வொரு சாமானாகச் சேர்த்துக் கட்டி முடிக்க ஆறு மாதம் ஆயிற்று.

எதற்காக இத்தனை பாடு? சின்னசாமிக்காக.

சின்னசாமி என் மனைவியின் தம்பி. கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். ஊரின் பெரிய கடைத்தெருவான சயாஜி ராவ் ரோட்டில் ஊர்வலம் திரும்பும்போதே, ‘இன்றைக்குச் சின்னசாமிதான்’ என்று கடைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சு நோய் வந்தது. சானடோரியத்தில் பல மாதம் படுத்திருந்து பிழைத்து எழுந்தார். ஆனால் டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார் — இனிமேல் ஊதக் கூடாது. கிளாரினெட்டைக் கூட்டாளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, சொந்த ஊரான ராமாபுரத்துக்குப் போய்க் காட்டில் விவசாயம் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பஸ். போனால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். பாட்டு என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவராக ஆகியிருந்தார்.

ஊதாமல் வாசிக்கிற வாத்தியம் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குக் காட்டிவிட நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை.

திங்கட்கிழமை காலையில் பெட்டியை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்தேன். பெட்டிக்குள் பிறக்கிற சின்ன ஓசையை ஸ்பீக்கருக்குப் போகும் அளவு பெரிதாக்குவது அந்த ஆம்ப்ளிஃபயர்தான். ஒரு பழைய ரேடியோவிலிருந்து கழற்றி எடுத்தது. கையை நீட்டினேன்… பாடியது. சுத்தமாக, இழையாகப் பாடியது.

சின்னசாமி காலை வேளையில் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார், சாயங்காலம்தான் வருவார். வந்தார். சுவிட்சைப் போட்டேன். ‘உர்ர்ர்’ என்று அறை அதிர்ந்தது. கையை எங்கே வைத்தாலும் அதே உறுமல். அதற்கு நடுவே ஒரு கீச்சுக் குரல் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது.

“காலையில நல்லாப் பாடுச்சுங்க மாப்பிள்ளை” என்றேன்.

“காலையில மட்டும் கூவுறதுக்குப் பேரு சேவலுங்க மச்சான்” என்றார்.

செவ்வாய்க்கிழமை ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்தேன். காலையில் பாடியது. சாயங்காலம் உறுமியது. புதன்கிழமை உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தட்டிப் பார்த்து, சந்தேகப்பட்ட ஒன்றை மாற்றினேன். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கண்டென்சரையும் மாற்றினேன். காலையில் பாடியது. சாயங்காலம்… உங்களுக்குத்தான் தெரியுமே. ஊரே விளக்குப் போடுகிற நேரம், கரண்டில்தான் ஏதோ கோளாறு என்று சொந்த இலாகா மேலேயே பழியைப் போட்டேன்.

சின்னசாமி கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “விடுங்க மச்சான். எனக்காகக் கண்ணைக் கெடுத்துக்காதீங்க. துணியெல்லாம் மூட்டை கட்டியாச்சு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை. பெட்டி வழக்கம்போல இனிமையாகப் பாடிக்கொண்டிருக்க, நான் அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராஜு, சரோஜா, உங்கள் அம்மா கையில் காலிச் செம்போடு வாசற்படியில் நின்றாள்.

“ஏனுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“விடிஞ்சதும் இதைப் போட்டீங்க, உர்ருனுச்சு. நான் துளசிக்குத் தண்ணி ஊத்திப்போட்டு வந்தேன், பாடுது. நேத்தும் அப்படித்தானுங்க. முந்தாநாளும் அப்படித்தான்.”

“துளசிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் என்ன சம்பந்தம்?”

“அதை நீங்கதான் சொல்லோணும். வயரைக் கொண்டுபோய் அதுல சொருகினது நீங்கதானுங்களே.”

விடியலில் வருகிற உறுமலை, வால்வு சூடேறும்வரை அப்படித்தான் என்று நான் கண்டுகொள்ளாமல் இருந்தேன். பிள்ளைகளே, என் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும்.

இந்த மாதிரிப் பெட்டிக்கெல்லாம் பூமியோடு ஒரு தொடர்பு வேண்டும். எர்த் என்போம். வேண்டாத இரைச்சல் அந்த வயர் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். எங்கள் முற்றம் முழுக்கக் கல் பாவியது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுற்றிப் பார்த்தேன். துளசி மாடம் தெரிந்தது. தினமும் தண்ணீர் ஊற்றுகிற மண், எப்போதும் ஈரம், இதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும் என்று எர்த் வயரை அதில் செருகிவிட்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாடம் என்றால் என்ன? கல்தளத்தின் மேல் செங்கல் வைத்துப் பூசிய தொட்டி. அதற்குள் இருப்பது மண்தான். ஆனால் பூமி இல்லை. தண்ணீர் ஊற்றினால் விரிசல் வழியே வழிந்து, கல் இடுக்கில் இறங்கி, நிலத்தைத் தொடும். அந்த ஈரம் இருக்கும்வரை எர்த் இருக்கும். மத்தியான வெயிலில் அது காய்ந்துவிடும். அப்புறம் என் வயர் வெறும் பூந்தொட்டியில் நிற்கிறது. பதினாறு வருஷமாக இந்த ஊர் வீடுகளுக்கு எர்த் குழி தோண்டுகிறவன் நான். யாரிடமும் சொல்லாதீர்கள்.

முற்றத்து மூலையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. தரைக்குள் ஆழமாகப் போகிற இரும்புக் குழாய். துருவைச் சுரண்டி வயரை அதில் இறுக்கிக் கட்டினேன். மத்தியானம் உறுமவில்லை. நாலு மணிக்கும் உறுமவில்லை.

சாயங்காலம் சின்னசாமி விடைபெற்றுப் போகத்தான் வந்தார். “உட்காராதீங்க மாப்பிள்ளை, அப்படியே நில்லுங்க” என்று பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். சுவிட்சைப் போட்டேன்.

அமைதி.

அவர் சந்தேகத்தோடு கையை நீட்டினார். முதலில் நாய்க்குட்டி மாதிரி ஒரு கீச்சு. சட்டென்று பின்வாங்கினார். மறுபடியும் நீட்டினார்.

“உள்ள என்ன நடக்குதுங்க?”

“காதுக்கு எட்டாத வேகத்துல ரெண்டு அதிர்வு ஓடுது. ஒண்ணு மாறாம இருக்கும். உங்க கை கிட்ட வந்தா இன்னொண்ணு கொஞ்சம் விலகும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கேக்குது.”

“ரெண்டு கிளாரினெட் சுருதி சேராம நின்னா நடுவுல ஒரு அலை அடிக்குமே, அதா?”

அதேதான். ஆறு மாதம் படத்தைப் பார்த்து நான் புரிந்துகொண்டதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

விரல்களைக் குவித்து ஒரு ஸ்வரத்தைத் தேடினார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே… பிடித்துவிட்டார். காற்றில் கையை அசையாமல் நிறுத்தினார். ஆனால் ஸ்வரம் நிற்கவில்லை. மெல்லத் தளர்ந்தது, மெல்ல எழுந்தது. மறுபடியும் தளர்ந்தது, எழுந்தது. நான் குழாயைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“கையை ஆட்டாதீங்க.”

“ஆட்டலீங்க மச்சான்.”

உண்மைதான். கை ஆடவில்லை. அவருடைய மார்புதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தார். கை மட்டும்தான் என்று யார் சொன்னது? முழு மனுஷனும் அந்தக் கம்பிக்குத் தெரிகிறான். உள்ளே இழுக்கிற மூச்சு, வெளியே விடுகிற மூச்சு, எல்லாம்.

அவருக்கும் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே மூச்சை நீளமாக இழுத்து விட்டார். ஸ்வரம் நீளமாக வளைந்து எழுந்தது.

“இது என் மூச்சுதானுங்களே?” என்று கேட்டார்.

உங்கள் அம்மா சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஊதக் கூடாது என்று டாக்டர் தடுத்த அதே நெஞ்சு, எதையும் ஊதாமல், அறை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் விளக்குப் போடவில்லை.

கடைசியில் அவர் கையை இறக்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே கேட்டார்: “அடுத்த வெள்ளிக்கிழமையும் பஸ் உண்டுங்களே?”

“எல்லா வெள்ளிக்கிழமையும் உண்டு” என்றாள் உங்கள் அம்மா. “சோறு போடட்டுமா?”

அவர் சாப்பிட்டுப் போனார். நீங்கள் இருவரும் அடுத்த வீட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. சுவிட்சை அணைக்கப் போனவன், அணைக்காமல் கம்பியின் பக்கத்தில் போய்த் தனியாக நின்றேன். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா மூச்சு விட்டேன்.

நாற்பத்திரண்டு வருஷமாக விடுகிற மூச்சு. அன்றுதான் காதால் கேட்டேன்.