குடிக்காதவன்தானே ஓட்டணும்?

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். குடி, சிகரெட், புகையிலை எதுவும் கிடையாது. அதனாலேயே நண்பர்கள் குடிக்கப் போனால் காரை ஓட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். மறுக்கத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு, நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமலே, மதியம் அவர்களை ஏற்றி வந்தேன். வல்லம் வடகால் அருகே கண் அசந்துவிட்டது. யாரோ அலறியதும் பிரேக்கை மிதித்தேன். நின்றிருந்த கன்டெய்னர் லாரிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"இன்னாபா, குடிச்ச நாங்களே முழிச்சிக்கினு கீறோம். உனுக்கு இன்னா ஆச்சு?" என்றான் நண்பன் சேகர். எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமும் சேகர் கூப்பிட்டான். "நான் குடிக்காதது எனக்காக, மச்சான். உங்களுக்கு வண்டி ஓட்டறதுக்கு இல்ல" என்றேன். கோபித்துக்கொண்டான். இப்போது ஷிஃப்ட் முடிந்ததும் போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.