பரண்மேல் ஆறு மூட்டை

ரஸியா வீட்டில் யாராவது தும்மினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வரமிளகாய் வியாபாரி வீட்டில் தும்மல் என்பது கடிகாரச் சத்தம் மாதிரி. இருபத்தோரு வருஷத்துக்கு முன் நஜீம் அவளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு முன்னாடி அவர் சட்டையின் நெடிதான் வாசலுக்குள் நுழைந்தது. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் அவள் மூக்குக்கு அது தெரியாமல் போயிற்று.

கோவிந்தாபுரத்தில் அவளை மிளகாய்க்காரர் பெண்சாதி என்று யாரும் சொல்வதில்லை. நைட்டி ரஸியாதான். பக்கத்தில் பாக்கெட் வைத்து அவள் தைக்கிற நைட்டி மாநில எல்லைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் கொடியில் காயும், அந்தப் பக்கமும் காயும். அதற்குப் பர்மிட் கேட்டவர் யாருமில்லை.

சித்திரைப் புழுக்கம் வந்தால் வருஷாவருஷம் அவளுக்கு மூச்சு இழுக்கும். ஒரு வாரத்தில் போய்விடும். இந்த வருஷம் மழை வருகிற மாதிரி வந்து வந்து ஏமாற்றியது. சுவரைத் தொட்டால் கை நனைந்தது. ஒருநாள் இழுப்பு அதிகமாகி ஆசுபத்திரியில் பகல் முழுக்கப் படுக்கவைத்தார்கள். டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: காலையும் மாலையும் ஜன்னலைத் திறக்க வேண்டும், ஈரத்துணியை உள்ளே காயப்போடக் கூடாது, கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் ஆகாது, அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். “சரியாகலைன்னா அட்மிட் பண்ணிருவேன்” என்றும் சொன்னார்.

ரஸியா ஒன்று விடாமல் செய்தாள். கொசுக்களுக்குப் பெருநாள்தான். சுவரில் கரும்புள்ளியாய்ப் பூத்திருந்ததைத் தேய்த்துத் தேய்த்து விரல் தோல் உரிந்தது. ஃபேனை நஜீமே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். ஒரு காகிதத்தைக் கிட்டே கொண்டுபோய், “பாத்தியா, எப்படி இழுக்குது!” என்று சின்னப் பிள்ளை மாதிரி காட்டினார். அன்று தொழுகையில் அவள் அவருக்காகத் தனியாக துஆ கேட்டாள்.

இழுப்பு மட்டும் நிற்கவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் விசில்.

“எல்லாஞ் செஞ்சும் தீரலையே ரஸியா. துணிப் பஞ்சுதான் உனக்கு ஆகறதில்ல போல. மிஷினக் கொஞ்ச நாளைக்கு அக்கா ஊட்ல போட்டுரலாமா?” என்றார் நஜீம். குரலில் அத்தனை குழைவு. இந்த மனுசனுக்கு நம்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையாட்டினாள். மிஷின் ஆட்டோவில் ஏறிப் போனது. அது நின்ற இடத்தில் தரையில் நாலு தடம். துடைக்கும்போது அந்த நாலையும் விட்டுவிட்டுத் துடைத்தாள்.

பக்கத்துத் தெரு செல்வப்பிரியாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்பக்கம் ஜிப் வைத்து மூன்று நைட்டி வேண்டும் என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நஜீமின் அக்கா சௌதா வீட்டுக்குப் போய், மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். வேர்த்துக் கொட்டவே, போனால் போகிறது என்று கட்டை அவிழ்த்துவிட்டாள். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூள் பறந்தது. இரண்டு மணி நேரம் போயிற்று, மூன்று நைட்டியும் முடிந்தது.

சௌதா டீயோடு வந்து காதைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “ஏன்டி, உன்ற விசிலு எங்க? மறந்து ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?”

சௌதா சிரித்தாள். ரஸியா சிரிக்கவில்லை.

“ஆமாங்க மதினி. ஊட்லதான் இருக்குது.”

டீயைக் குடிக்காமலே வீட்டுக்கு வந்தாள். மூலை மூலையாகத் தேடினாள். கடைசியில் கட்டில்மேல் ஏறிப் பரணைப் பார்த்தாள். சூட்கேஸ், கல்யாணத்து அண்டா, அதற்குப் பின்னால் ஒரு தார்ப்பாய். விலக்கினாள். ஆறு மூட்டை வரமிளகாய், ஈரம் ஏறிக் கட்டிகட்டியாக, மேலே சாம்பல் பூசினது போல் பூஞ்சை. வாய்க்கட்டு நீல நைலான் கயிற்றில் இரட்டை முடிச்சு. அந்த முடிச்சு நஜீமுக்கு மட்டும்தான் வரும். நேர் கீழே அவளுடைய தலையணை.

நஜீம் மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது இன்னும் தும்மிக்கொண்டிருந்தாள்.

“எப்ப வெச்சீங்க?”

அவர் பரணைப் பார்த்தார். “குடோன்ல ஈரங்கசிஞ்சுருச்சு. நீ ஆசுபத்திரில கிடந்த அன்னிக்கு… வெல ஏறற வரைக்கும்னு, ரெண்டே வாரந்தான்னு…”

“நான் மூச்சுக்குத் தவிச்ச அன்னிக்கா?”

நஜீம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அப்ப என்ற மிஷினத் தூக்கறப்ப உங்களுக்குத் தெரியும்.”

நஜீம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தார். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க.”

“தெரியும்.”

“இந்த ஃபேன மாட்டுன அன்னிக்கு உங்களுக்காக துஆ கேட்டனுங்க நானு” என்றாள் ரஸியா. அவர் தட்டில் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள்.

சாயங்காலமே மூட்டைகள் போயின. மிஷினை நஜீமே கொண்டுவந்து, தரையில் இருந்த அந்த நாலு தடத்தில் கால் பிசகாமல் வைத்தார். நாலைந்து நாளில் விசில் அடங்கியது. “காத்து நல்லா வருதில்ல?” என்று கேட்டுப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர் வாசல்படியில் கால் வைத்தார். ரஸியாவின் மூக்கில் சுருக்கென்று ஏறியது. இருபத்தோரு வருஷம் தெரியாமல் இருந்த நெடி.

“சட்டைய வெளியவே கழட்டிப் போட்டுட்டு வாங்க” என்றாள், தலை நிமிராமல்.

அவர் கழற்றினார். கொடியில், அவள் தைத்த நைட்டிகளுக்குப் பக்கத்தில் போடப்போனார்.

“அங்க வேண்டாங்க. தள்ளிப் போடுங்க.”