மாற்றாத எண்ணெய்

ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த மெக்கானிக்கின் கார் பட்டறை. ஈப்போ கிளினிக்கில் தாதி வேலைக்குப் போய்வரும் என் பழைய பெட்ரோல் காரை நான்கு வருடமாக அவனிடம்தான் விட்டேன். “உங்களுக்கு வெல கூடுன ஃபுல் சிந்தெட்டிக் எண்ணெய்தான் ஊத்துறேன்க்கா” என்பான்.

ஒருமுறை சர்வீஸ் முடிந்த மறுநாள், எஞ்சின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தேன். தார் மாதிரி கருப்பாக இருந்தது. நேரே போய்க் கேட்டேன். பெஞ்சில் நாலைந்து ஆண்கள் காத்திருந்தார்கள்.

“மலாய்ல பேரே மினியாக் ஹித்தாம்லா! கருப்பு எண்ணெய் பின்ன ரோஸ் கலர்லயா இருக்கும்? நீங்க ஊசி போடுற வேலைய மட்டும் பாருங்கக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். மாதக்கணக்கில் அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

ஈப்போவில் ஒரு சீன மெக்கானிக்கிடம் விசாரித்தேன். ஓட ஓட எண்ணெய் கருப்பாவது சகஜம், நிறத்தை மட்டும் பார்த்துக் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, ஓடிய தூரத்தையும் மாதத்தையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். ஆனால் பெட்ரோல் வண்டியில் நேற்று ஊற்றிய எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க வேண்டுமாம்.

அடுத்த சர்வீசுக்கு முந்தின நாள், பாய் விரித்துக் காருக்கடியில் படுத்து, எண்ணெயோடு சேர்த்து மாற்ற வேண்டிய ஃபில்டரில் சிவப்பு நெயில் பாலிஷால் மூன்று புள்ளி வைத்தேன். வண்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துப் பார்த்தேன். மூன்றும் அப்படியே இருந்தன. எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, பட்டறையில் கூட்டம் சேரும் நேரம் பார்த்துப் போனேன். கீழே சத்தம் வருகிறது என்று பொய் சொல்லி வண்டியைத் தூக்க வைத்தேன்.

“அண்ணே, எல்லாரும் இங்க வாங்க. புதன்கிழமை இவரு புது ஃபில்டர் போட்டாராம். அதுல என் நெயில் பாலிஷ் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.”

அவன் முகம் வெளுத்தது. “மறந்து போச்சுக்கா...”

“நாலு வருஷமாவா மறந்துச்சு?”

பெரியவர் ஒருவர் எழுந்து கை நீட்டினார். “என் வண்டி சாவிய குடு. நான் வேற எடம் பாத்துக்குறேன்.” அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் எழுந்தார்கள்.

என் கார் பிழைக்கவில்லை. எஞ்சினைத் திறந்தபோது உள்ளே பழைய எண்ணெய் சேறு போல அப்பியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவன் என் கேட்டில் வந்து நின்றான். “நீங்க ஒரு வார்த்த சொன்னா ஆளுங்க திரும்பி வருவாங்கக்கா. கட சாத்துற நெலமையில இருக்கு.”

நல்ல வெயில். ஒரு வாளித் துணியையும் நிதானமாகக் காயப்போட்டு முடிக்கும்வரை அவனை நிற்க வைத்தேன். பிறகு, “சொல்ல மாட்டேன், போங்க தம்பி” என்றேன். பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன்.